ட்ரூபல் நிர்வாகப் படிவம்: ஹூக் மூலம் மறைத்த புலம் திருத்தும் பக்கத்தில் மீண்டும் வருகிறது

அரைப்புள்ளி

வணக்கம். ஒரு செய்தித்தளத்தின் நிர்வாகப் பக்கங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. தளம், ட்ரூபல் 10 என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் ஓடுகிறது. 'ஆர்ட்டிக்கிள்' என்ற உள்ளடக்க வகையில் 'முகப்பில் காட்டு' என்றொரு தேர்வுப்பெட்டி உண்டு. அதை ஆசிரியர்கள் மட்டுமே தொட வேண்டும். நிருபர்களின் கண்ணிலேயே படக் கூடாது.

எங்கள் மாட்யூலில் (தளத்தோடு சேர்க்கும் கூடுதல் நிரல் தொகுப்பு), படிவ ஐடியைத் தன் பெயரிலேயே தாங்கிய ஃபார்ம் ஆல்டர் ஹூக் ஒன்றை, அதாவது படிவத்தைக் காட்டும் முன் அதை மாற்றுவதற்காக ட்ரூபல் தானாக அழைக்கும் ஃபங்ஷனை, எழுதியிருக்கிறேன். ஐடி: நோடு_ஆர்ட்டிக்கிள்_ஃபார்ம். உள்ளே நுழைந்திருப்பவரின் பாத்திரம் 'நிருபர்' என்றால், அந்தப் புலத்தைப் படிவ அணியிலிருந்து (படிவத்தின் உறுப்புகளை அடுக்கிய பட்டியல்) அன்செட் செய்துவிடுகிறது, அதாவது நீக்கிவிடுகிறது. புதுக் கட்டுரை எழுதும் பக்கத்தில் பெட்டி மறைந்துவிட்டது. அதே நிருபர் பழைய கட்டுரையைத் திருத்தப் போனால், பெட்டி பளிச்சென்று நிற்கிறது. கேஷை (தற்காலிகச் சேமிப்பை) துடைத்துப் பார்த்தாயிற்று.

இன்னொரு கேள்வியும் உண்டு. தேடுபொறிக்கான தலைப்பு, விவரிப்பு ஆகிய புலங்கள் படிவத்தின் அடியில் கிடக்கின்றன. அவற்றை வலப்பக்கப் பத்தியில் ஒரு மடக்குப் பெட்டிக்குள் வைக்க முடியுமா?

பழுதுபார்ப்பவன்

இது ஹூக்கின் குறையல்ல. இரண்டும் வேறு வேறு படிவங்கள். புதிதாக எழுதும் பக்கத்தின் ஐடி நோடு_ஆர்ட்டிக்கிள்_ஃபார்ம். திருத்தும் பக்கத்தின் ஐடி நோடு_ஆர்ட்டிக்கிள்_எடிட்_ஃபார்ம். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவதால் ஒன்றென்று நினைக்கத் தோன்றும்.

இரண்டுக்கும் பொதுவான அடிப்படைப் படிவ ஐடி 'நோடு_ஃபார்ம்'. ஹூக்கின் பெயரில் அதைப் போட்டால் இரண்டு பக்கங்களிலும் ஓடும். ஆனால் எல்லா உள்ளடக்க வகைகளுக்கும் சேர்த்தே ஓடும் என்பதால், உள்ளே முதல் வேலையாக, படிவத்தின் நிலையை வைத்திருக்கும் ஃபார்ம் ஸ்டேட்டிலிருந்து படிவப் பொருளை வாங்கி, அதன் என்டிட்டி (படிவம் திருத்தும் உள்ளடக்கம்) எந்த வகை என்று பாருங்கள். 'ஆர்ட்டிக்கிள்' இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

அன்செட் வேண்டாம். உங்களுக்குப் பின்னால் ஓடும் வேறொரு மாட்யூல் அதே புலத்தின் எடையையோ (வரிசையைத் தீர்மானிக்கும் எண்) விளக்கத்தையோ மாற்ற முயன்றால், இல்லாத இடத்தில் அரைகுறையாக ஒரு உறுப்பை உருவாக்கிவிடும். '#ஆக்சஸ்' பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். உறுப்பு அணியிலேயே இருக்கும், திரையில் வராது, பயனர் அனுப்பும் மதிப்பையும், ட்ரூபலில் படிவங்களைக் கையாளும் ஃபார்ம் ஏபிஐ ஏற்காது. ஏற்கெனவே சேமித்திருந்த மதிப்பு அப்படியே நிற்கும். வகையை 'ஹிடன்' என்று மாற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது இன்னும் மோசம். மதிப்பு பக்கத்தின் மூலத்தில் கிடக்கும். உலாவியின் ஆய்வுக் கருவியைத் திறக்கத் தெரிந்த எவரும் மாற்றி அனுப்பிவிடலாம்.

பாத்திரத்தின் பெயரைச் சோதிப்பதையும் விடுங்கள். ஒரு அனுமதியை உருவாக்கி அதைச் சோதியுங்கள். 'துணை ஆசிரியர்' என்று நாளை ஒரு பாத்திரம் முளைத்தால் நிரலைத் திறக்க வேண்டியிருக்காது.

வலப்பக்கப் பத்தி எளிது. 'டீடெய்ல்ஸ்' வகையில் ஒரு உறுப்பைச் சேர்த்து, அதன் '#குரூப்' பண்புக்கு 'அட்வான்ஸ்டு' என்று கொடுங்கள். பிறகு தேடுபொறிப் புலங்கள் ஒவ்வொன்றின் '#குரூப்' பண்பிலும் அந்தப் பெட்டியின் பெயரைக் கொடுங்கள். புலங்களை அணிக்குள் இடம் மாற்றி வைக்காதீர்கள். இருந்த இடத்திலேயே இருக்கட்டும். காட்டும்போது பெட்டிக்குள் போய்ச் சேரும்.

மின்மினி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதற்கெல்லாம் நிரல் எழுத வேண்டுமா என்பது என் கேள்வி. 'படிவக் காட்சியை நிர்வகி' என்ற பக்கம் ஒன்று இருக்கிறதே. புலத்தை இழுத்து 'முடக்கப்பட்டவை' பகுதியில் போட்டால் மறைந்துவிடும். வரிசையையும் உள்ளீட்டு வகையையும் அங்கேயே மாற்றலாம். எல்லாம் கட்டமைப்புக் கோப்பில் போய் உட்காரும். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றுமதி செய்யலாம். ஃபார்ம் ஆல்டரில் எழுதியது எங்கே இருக்கிறது என்று அடுத்து வருபவர் தேடித் திண்டாட வேண்டும்.

ஒரு பழைய தளத்தை என் கையில் ஒப்படைத்தார்கள். நிர்வாகப் பக்கத்தில் ஒரு புலத்தை இழுத்துக் கீழே வைத்துச் சேமித்தால், படிவத்தில் அது மேலேயே நின்றது. எங்கோ ஒரு மாட்யூலின் ஓரத்தில் யாரோ எடையை மைனஸ் எண்ணாக எழுதிவைத்திருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஃபார்ம் ஆல்டர் என்றாலே ஒவ்வாமை.

பழுதுபார்ப்பவன்

@மின்மினி, வரிசை, எடை, உள்ளீட்டு வகை, உதவிக்குறிப்பு இவற்றுக்கெல்லாம் நீங்கள் சொல்வதுதான் சரி. இவற்றை நிரலில் எழுதுபவர் அடுத்தவருக்குக் குழி வெட்டுகிறார்.

அரைப்புள்ளி கேட்பது வேறு. ஆளைப் பொறுத்து மாற வேண்டும் என்கிறார். அந்தப் பக்கத்துக்கு ஆளைத் தெரியாது. ஒரு புலத்தை மறைத்தால் ஆசிரியருக்கும் சேர்த்தே மறையும். தனித்தனி ஃபார்ம் மோடுகளை (ஒரே படிவத்தின் மாற்று வடிவங்களை) நிர்வாகப் பக்கத்திலேயே உருவாக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் கட்டுரை திருத்தும்போது இன்னாருக்கு இந்த மோடு என்று தேர்ந்தெடுப்பதற்கு மைய ட்ரூபலில் திரை கிடையாது. மீண்டும் நிரலுக்கோ, பிறர் எழுதிப் பகிர்ந்த பங்களிப்பு மாட்யூலுக்கோதான் வர வேண்டும்.

மின்மினி

அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். தேடுபொறிப் பெட்டியையாவது ஹூக்கில் செய்யாமல், புலங்களைக் குழுவாக்கும் மாட்யூலை வைத்துத் திரையிலேயே செய்யலாமே? அதில் ஆளைப் பொறுத்து எதுவும் மாறவில்லை.

பழுதுபார்ப்பவன்

செய்யலாம். பத்து வரிக்காக ஒரு மாட்யூலை நிறுவிக் காலமெல்லாம் புதுப்பித்துக்கொண்டிருக்க மனம் ஒப்புகிறதா என்பது அவரவர் விருப்பம். எனக்கு ஒப்பாது.

அரைப்புள்ளி

இருவருக்கும் நன்றி. அடிப்படைப் படிவ ஐடிக்கு மாறியதும் இரண்டு பக்கங்களிலும் மறைந்துவிட்டது. அனுமதியும் உருவாக்கியாயிற்று. வலப்பக்கப் பெட்டியும் அழகாக வந்துவிட்டது.

ஆனால் சோதனைத் தளத்தில் மட்டும் வேலை செய்கிறது. நேரலைத் தளத்தில் பெட்டி நிருபருக்கும் தெரிகிறது. இரண்டுக்கும் ஒரே வேறுபாடு: நேரலையில் கூடுதலாக ஒரு பங்களிப்பு மாட்யூல் இருக்கிறது. அதன் நிரலைத் திறந்து பார்த்தேன். எல்லாப் படிவங்களுக்குமான பொது ஃபார்ம் ஆல்டர் ஒன்று வைத்திருக்கிறது. தன் நிபந்தனை பொருந்தினால் புலங்களின் '#ஆக்சஸ்' பண்பை ட்ரூ என்று எழுதிவிடுகிறது. எனக்குப் புரியாதது: அது பொது ஹூக், என்னுடையது குறிப்பான ஹூக். பொதுவானது முதலில் ஓடி, குறிப்பானது பிறகு ஓட வேண்டாமா?

நடுநிசி_நிரலர்

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பொது, அடிப்படை ஐடி, குறிப்பான ஐடி என்ற அந்த வரிசை ஒரே மாட்யூலுக்கு உள்ளே மட்டும்தான் செல்லும். ட்ரூபல் மாட்யூல் மாட்யூலாகப் போகிறது. மாட்யூல் 'அ'வின் மூன்று ஹூக்குகளும் ஓடி முடிந்த பிறகுதான் மாட்யூல் 'ஆ'வின் ஹூக்குகள் தொடங்கும். ஆகவே 'ஆ'வின் பொது ஹூக், 'அ'வின் குறிப்பான ஹூக்குக்குப் பிறகே ஓடுகிறது.

மாட்யூல்களின் வரிசையை முதலில் எடை தீர்மானிக்கிறது. எடை சமமென்றால் பெயரின் அகரவரிசை. பெரும்பாலான மாட்யூல்களின் எடை பூஜ்யம் என்பதால், நடைமுறையில் பெயர்தான் விதி. உங்கள் மாட்யூலின் பெயர் ஆங்கில அகரவரிசையில் முன்னால் வருகிறதா என்று பாருங்கள்.

மாட்யூல்கள் எல்லாம் முடிந்த பிறகு, தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம்களின் முறை. நிர்வாகத் தீமும் ஃபார்ம் ஆல்டர் வைத்திருக்கலாம். அது கடைசியில் வந்து உங்கள் வேலையைக் கலைத்தால், மாட்யூல் எடையை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.

மாட்யூல் எடையைக் கூட்டுவது ஒரு தீர்வு. நிறுவல் ஹூக்கில் ஒரு வரி. ஆனால் அந்த மாட்யூலின் ஹூக்குகள் அனைத்தும் சேர்ந்தே பின்னால் போகும். ஒரு ஹூக்கை மட்டும் நகர்த்த வேண்டுமென்றால் அதற்கென்று 'மாட்யூல் இம்ப்ளிமென்ட்ஸ் ஆல்டர்' என்ற ஹூக் இருக்கிறது. ஹூக்குகளின் வரிசையை மாற்ற ஒரு ஹூக். வயதான நிரலர்களுக்குத் தலை சுற்றும் இடம் இது.

வெற்றுச்சரம்

ட்ரூபல்காரர்களின் இழையில் வேர்ட்பிரஸ்காரன் நுழைவதற்குப் பொறுத்தருள்க. எங்கள் பக்கம் இந்த வரிசைத் தகராறு ஒரு எண்ணில் முடிந்துவிடும். ஹூக்கில் ஃபங்ஷனை இணைக்கும்போதே முன்னுரிமை எண் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் 10. சிறிய எண் முதலில் ஓடும். எண் சமமென்றால், முதலில் இணைத்தது முதலில். கடைசியில் ஓட வேண்டுமா, 999 என்று போடு. அடுத்தவர் 1000 போடுவார். அதற்கு மேல் ஒருவர் 9999 போட்டிருப்பார். எங்கள் போட்டி இப்படிப் போகிறது.

நடுநிசி_நிரலர்

@வெற்றுச்சரம், வரிசை எளிதுதான். படிவம் சேமிப்பது எப்படி? எங்களுக்கு ஃபார்ம் ஏபிஐ இருக்கிறது. எந்தப் புலம் படிவத்தில் இருந்தது, எதன் மதிப்பை ஏற்கலாம் என்பதை அது கவனித்துக்கொள்ளும். உங்களுக்கு அந்தக் காவல் இல்லையே.

வெற்றுச்சரம்

இல்லைதான். மெட்டா பாக்ஸ், அதாவது திருத்தும் பக்கத்தில் கூடுதல் பெட்டி, சேர்ப்பவர்கள் அடிபடும் இடமே அதுதான். ஆர்வமுள்ளவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருத்தும் பக்கத்தில் ஒரு பெட்டி சேர்க்கிறோம். 'சேவ் போஸ்ட்' ஹூக்கில் மதிப்பை எடுத்துச் சேமிக்கிறோம். தேர்வுப்பெட்டிக்கு ஒரு குணம் உண்டு: டிக் செய்யவில்லை என்றால் உலாவி எதையுமே அனுப்பாது. அதனால் பலரும் 'மதிப்பு வந்தால் சேமி, வரவில்லையென்றால் அழி' என்று எழுதிவைப்பார்கள். சோதனையில் கச்சிதமாக ஓடும். ஆனால் 'சேவ் போஸ்ட்' அந்தப் படிவத்துக்கு மட்டும் உரியதல்ல. தானியங்கிச் சேமிப்பிலும் ஓடும், பட்டியல் பக்கத்தின் விரைவுத் திருத்தத்திலும் ஓடும், வேறு நிரல் ஒரு பதிவைப் புதுப்பித்தாலும் ஓடும். அங்கெல்லாம் உங்கள் பெட்டி இல்லை, ஆகவே மதிப்பு வராது, ஆகவே அழிந்துவிடும். யாரோ ஒருவர் விரைவுத் திருத்தத்தில் தலைப்பின் எழுத்துப் பிழையை நீக்கியிருப்பார், கூடவே டிக் காணாமல் போயிருக்கும். இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 உடன் பிளாக் எடிட்டர் என்ற புதிய எழுதும் திரை வந்தபின் நிலைமை இன்னும் சுவையாகிவிட்டது. பதிவு முதலில் ரெஸ்ட் ஏபிஐ (நிரல்கள் வலை வழியாகத் தரவைப் பரிமாறும் வாசல்) வழியாகச் சேமிக்கப்படும். பழைய மெட்டா பாக்ஸ்கள் அதன்பின் தனிக் கோரிக்கையாகப் போகும். 'சேவ் போஸ்ட்' இரண்டு தடவையும் ஓடும். முதல் தடவையில் உங்கள் பெட்டியின் மதிப்பு இருக்காது.

தீர்வு, பெட்டிக்குள் ஒரு நான்ஸ் (குறுகிய காலம் மட்டும் செல்லும் அடையாளச் சரம்) புலத்தை வைத்து, சேமிக்கும் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே அது வந்திருக்கிறதா என்று பார்ப்பது. பாதுகாப்புக்காக வைப்பதுதான். ஆனால் 'இந்தக் கோரிக்கை உண்மையிலேயே என் படிவத்திலிருந்து வந்ததா' என்ற கேள்விக்கும் அதுவே விடை சொல்லிவிடுகிறது. நான்ஸ் இல்லையா, எதையும் தொடாமல் திரும்பு. அதன்பின் பயனரின் அனுமதியைப் பார்க்க வேண்டும். நான்ஸ் அனுமதிக்கு மாற்று அல்ல. எல்லா மெட்டாவும் சேமிக்கப்பட்ட பிறகு ஓடும் ஹூக் வேண்டுமானால், 5.6 பதிப்பிலிருந்து 'டபிள்யூபி ஆஃப்டர் இன்சர்ட் போஸ்ட்' இருக்கிறது.

'சேவ் போஸ்ட்' உள்ளே அதே பதிவைப் புதுப்பிக்கும் ஃபங்ஷனை அழைப்பவர்கள், அழைக்கும் முன் தங்கள் ஹூக்கைக் கழற்றிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். இல்லையென்றால் முடிவில்லாமல் சுற்றும்.

அரைப்புள்ளி

வெற்றுச்சரம் சொன்னதைப் படித்ததும் ஒரு சந்தேகம் எழுந்து, தரவுத்தளத்தைப் பார்த்தேன். வரிசையைச் சரிசெய்தபின் நேரலையிலும் நிருபருக்குப் பெட்டி தெரியவில்லை. ஆனாலும் நிருபர்கள் எழுதிய சில புதுக் கட்டுரைகளில் 'முகப்பில் காட்டு' ட்ரூ என்று இருக்கிறது. அந்தக் கட்டுரைகள் எல்லாம் களத்திலிருந்து அனுப்பும் கைப்பேசிச் செயலி வழியாக வந்தவை. செயலி, படிவம் இல்லாமல் நேரடியாகத் தரவைப் பரிமாறும் ஜேசன் ஏபிஐ மூலம் எழுதுகிறது. செயலியில் அந்தப் பொத்தானை யார் வைத்தார்கள் என்பது தனிக் கதை.

பழுதுபார்ப்பவன்

இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன்.

ஃபார்ம் ஆல்டர் படிவத்தைத்தான் மாற்றுகிறது. தரவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஜேசன் ஏபிஐ 2019இல் 8.7 பதிப்பிலிருந்து மைய ட்ரூபலிலேயே இருக்கிறது. தொடக்க அமைப்பில் வாசிக்க மட்டும்தான் அனுமதிக்கும். எழுதவும் விடும் அமைப்பை உங்கள் தளத்தில் யாரோ இயக்கியிருக்கிறார்கள். அதன் வழியாக வருபவர் படிவத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் முன்வாசலுக்குப் பூட்டு வாங்கியிருக்கிறீர்கள். கொல்லைக்கதவு திறந்தே இருக்கிறது.

'இந்தப் புலத்தை இன்னார்தான் மாற்றலாம்' என்பது தரவைப் பற்றிய விதி. அதற்குரிய ஹூக், 'என்டிட்டி ஃபீல்டு ஆக்சஸ்'. என்ன செயல் (பார்ப்பதா, திருத்துவதா), எந்தப் புலம், யார் என்ற மூன்றும் அதற்கு வரும். செயல் 'எடிட்', புலம் உங்களுடையது, அனுமதி இல்லை என்றால் 'ஃபர்பிடன்' (தடை) என்று திருப்புங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் 'நியூட்ரல்' (கருத்தில்லை). ஒருவர் ஃபர்பிடன் என்று சொல்லிவிட்டால், வேறு எத்தனை மாட்யூல்கள் அனுமதித்தாலும் செல்லாது. ஆகவே இங்கே வரிசைச் சண்டைக்கே இடமில்லை.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். என்டிட்டி படிவத்தைக் கட்டும்போது ட்ரூபல் ஒவ்வொரு புலத்தின் '#ஆக்சஸ்' பண்பையும் இந்தச் சோதனையிலிருந்துதான் நிரப்புகிறது. ஆகவே ஹூக்கை எழுதியவுடன் படிவத்திலும் பெட்டி தானாக மறையும். சேர்க்கும் பக்கம், திருத்தும் பக்கம், படிவ ஐடி எதைப் பற்றியும் கவலையில்லை. உங்கள் ஃபார்ம் ஆல்டரில் அந்தப் பகுதியை அழித்துவிடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பங்களிப்பு மாட்யூல் '#ஆக்சஸ்' பண்பைப் பிறகு ட்ரூ ஆக்கினால் பெட்டி மீண்டும் திரையில் தெரியக்கூடும். ஏற்கெனவே இருப்பதை மதிக்காமல் ட்ரூ என்று எழுதும் மாட்யூல் எதுவானாலும் அது பிழைதான். அதன் பராமரிப்பாளரிடம் முறையிடுங்கள். '#ஆக்சஸ்' பண்பைக் குறைக்கலாம், கூட்டக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் விதி.

மின்மினி

இது நன்றாக இருக்கிறது. எனக்கு இதே இனத்தில் ஒரு சிக்கல். 'முகப்பில் காட்டு' போன்ற ஒரு பெட்டியை டிக் செய்தால் படம் கட்டாயம், இல்லையென்றால் விருப்பம். '#ஸ்டேட்ஸ்' பண்பில் 'ரிக்கொயர்டு' என்று எழுதினேன். டிக் செய்ததும் படப் புலத்துக்குச் சிவப்பு நட்சத்திரம் வருகிறது. படம் இல்லாமல் சேமித்தால், மறுபேச்சில்லாமல் சேமித்துக்கொள்கிறது.

பழுதுபார்ப்பவன்

'#ஸ்டேட்ஸ்' முழுக்க உலாவிக்கானது. நட்சத்திரம் போடும், காட்டும், மறைக்கும். சேவையகம் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. படிவத்தின் '#வேலிடேட்' பட்டியலில் ஒரு ஃபங்ஷனைச் சேர்த்தால் படிவத்துக்கு மட்டும் தீரும். ஜேசன் ஏபிஐக்கும் சேர்த்துத் தீர வேண்டுமென்றால், என்டிட்டி மீது ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் (தரவு நிறைவேற்ற வேண்டிய விதி) எழுதுங்கள். படிவம் சமர்ப்பிக்கும்போதும் அதைப் பார்க்கும், ஜேசன் ஏபிஐயும் பார்க்கும். நிரலிலிருந்து நேரடியாகச் 'சேவ்' என்று அழைத்தால் மட்டும் பார்க்காது. அங்கே 'வேலிடேட்' ஃபங்ஷனை நீங்களே முன்னதாக அழைக்க வேண்டும்.

'#ஸ்டேட்ஸ்' இருக்கட்டும். எழுதுபவருக்கு முன்கூட்டியே தெரிவது நல்லதுதான்.

வெற்றுச்சரம்

அப்படியானால் ஃபார்ம் ஆல்டருக்கு என்னதான் வேலை மிச்சம்? எல்லாவற்றையும் வேறு ஹூக்குக்கு அனுப்பிவிட்டீர்களே.

பழுதுபார்ப்பவன்

படிவத்தை நிரப்புபவரின் சிரமத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. அதுவே பெரிய வேலை. பொத்தானின் பெயரைச் 'சேமி' என்பதிலிருந்து 'ஆசிரியருக்கு அனுப்பு' என்று மாற்றுவது. ஒருவரின் பிரிவைப் பார்த்து இயல்புமதிப்பை நிரப்பிவைப்பது. அரிதாகத் தேவைப்படும் புலங்களை மடக்கி வைப்பது. தளத்தின் பெயரை மாற்றும் மைய அமைப்புப் படிவத்தில் உங்கள் மாட்யூலுக்கான ஒரு அமைப்பையும் சேர்ப்பது. இவற்றில் எது தவறினாலும் தரவு கெடாது. ஒரு ஃபார்ம் ஆல்டரைப் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்வது அதுதான்: இதை எடுத்துவிட்டால் தரவு கெடுமா? கெடும் என்றால் அது இருக்க வேண்டிய இடம் வேறு.

உள்ளடக்க வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு அமைப்பு வேண்டும் என்றாலும் ஃபார்ம் ஆல்டர் அருமையாகப் பொருந்தும். வகையைத் திருத்தும் படிவத்தில் ஒரு பெட்டியைச் சேர்த்து, '#என்டிட்டி_பில்டர்ஸ்' பட்டியலில் உங்கள் ஃபங்ஷனைப் போட்டு, மதிப்பை 'தேர்ட் பார்ட்டி செட்டிங்' (வேறொரு மாட்யூல் சேர்த்த அமைப்பு) ஆக எழுதிவிடலாம். தனி அட்டவணை வேண்டாம். வகையின் கட்டமைப்புக் கோப்போடு சேர்ந்தே ஏற்றுமதியாகும். கட்டமைப்பின் வடிவத்தை விவரிக்கும் ஸ்கீமா கோப்பில் அதை அறிவிக்க மறக்காதீர்கள்.

நடுநிசி_நிரலர்

ஃபார்ம் ஆல்டர் எழுதுபவர்கள் வழக்கமாக வந்து கேட்கும் சிலவற்றையும் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

சமர்ப்பிப்பு ஃபங்ஷன் ஓடவே இல்லை என்பார்கள். என்டிட்டி படிவத்தில், படிவத்தின் வேரில் இருக்கும் '#சப்மிட்' பட்டியலில் சேர்த்திருப்பார்கள். சேமிக்கும் பொத்தானுக்குத் தனியாக ஒரு '#சப்மிட்' பட்டியல் இருக்கிறது; பொத்தானுக்குச் சொந்தப் பட்டியல் இருந்தால் படிவத்தின் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. 'ஆக்ஷன்ஸ்' உள்ளே இருக்கும் 'சப்மிட்' உறுப்பில் சேர்க்க வேண்டும்.

உரைப் புலத்தின் கீழே வரும் 'உரை வடிவம்' தேர்வை மறைக்க முடியவில்லை என்பார்கள். ஃபார்ம் ஆல்டர் ஓடும் நேரத்தில் அந்தத் தேர்வு இன்னும் பிறக்கவில்லை. அணியில் 'டெக்ஸ்ட் ஃபார்மட்' வகையில் ஒரே ஒரு உறுப்புதான் இருக்கும். பிறகு '#பிராசஸ்' கட்டத்தில்தான் அது உரைப்பெட்டி, வடிவத் தேர்வு என்று விரியும். ஆகவே '#ஆஃப்டர்_பில்ட்' பட்டியலில் ஒரு ஃபங்ஷனைக் கோர்த்து அங்கே தேடுங்கள். திரையில் தெரியும் ஒன்று அணியில் தென்படவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

படிவம் நன்றாக ஓடுகிறது, படம் ஏற்றும் பொத்தானை அழுத்தினால் மட்டும் சுழன்றுகொண்டே நிற்கிறது என்பார்கள். பதிவேட்டில் 'க்ளோஷரை சீரியலைஸ் செய்ய முடியாது' என்று எழுதியிருக்கும். யாரோ சரிபார்ப்பு ஃபங்ஷனைப் பெயரில்லாத ஃபங்ஷனாக அணிக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். பக்கத்தை முழுதாக ஏற்றாமல் பின்னணியில் போகும் ஏஜாக்ஸ் கோரிக்கையின்போது படிவம் கேஷில் எழுதப்பட வேண்டும். பெயரில்லாத ஃபங்ஷனை எழுதிவைக்க முடியாது. பெயருள்ள ஃபங்ஷனையோ ஒரு வகுப்பின் ஸ்டாட்டிக் மெத்தடையோ கொடுங்கள்.

மின்மினி

ட்ரூபல் 11க்குப் போகப்போகிறோம். டாட் மாட்யூல் கோப்பில் இருக்கும் ஃபங்ஷன்கள் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டுமா?

நடுநிசி_நிரலர்

அவசரமில்லை, பழைய முறை 11இலும் ஓடும். 2024 டிசம்பரில் வந்த 11.1 பதிப்பிலிருந்து ஹூக்குகளை வகுப்பின் மெத்தடாக எழுதி, மேலே 'ஹூக்' என்ற ஆட்ரிபியூட்டை (நிரலில் இடும் குறிப்பு) போடலாம். வேண்டிய சர்வீஸ்களைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய ஆதாயம். ஒரே மாட்யூலை 10இலும் 11இலும் ஓட்ட வேண்டுமென்றால், பழைய ஃபங்ஷனையும் வைத்துக்கொண்டு அதன் மேல் 'லெகஸி ஹூக்' என்ற ஆட்ரிபியூட்டைப் போடுங்கள். 10 அதைப் பொருட்படுத்தாமல் ஃபங்ஷனை ஓட்டும். புதியது ஃபங்ஷனைத் தவிர்த்துவிட்டு வகுப்பை எடுத்துக்கொள்ளும். நிறுவல், புதுப்பிப்பு ஹூக்குகள் போன்ற சில மட்டும் ஃபங்ஷனாகவே இருக்க வேண்டும்.

வரிசையைப் பற்றி மேலே பேசினோம். 11.2இல் ஆட்ரிபியூட்டிலேயே 'முதலில்', 'கடைசியில்', 'இன்ன மாட்யூலுக்குப் பிறகு' என்று எழுதும் வசதி வந்துவிட்டது. ஹூக்குகளின் வரிசையை மாற்றும் அந்த ஹூக்குக்கு ஓய்வு கொடுக்கிறார்கள்.

அரைப்புள்ளி

ஃபீல்டு ஆக்சஸ் ஹூக்கை நேரலையில் ஏற்றிவிட்டோம். படிவத்தில் எல்லாம் சரி. செயலியில் பழைய கட்டுரையைத் திருத்தினால் சேமிக்கிறது. புதுக் கட்டுரை அனுப்பினால் மட்டும் 403 (அனுமதி மறுப்பு) என்று திரும்பி வருகிறது. பொத்தானை யாரும் தொடவில்லை. செயலி தானாகவே அந்தப் புலத்துக்கு ஃபால்ஸ் என்று அனுப்புகிறது, இயல்புமதிப்பும் ஃபால்ஸ்தான். மதிப்பு மாறவில்லையே, ஏன் தடுக்கிறது?

பழுதுபார்ப்பவன்

திருத்தும்போது (பேட்ச்) ஜேசன் ஏபிஐ, வந்த மதிப்பைச் சேமித்திருக்கும் மதிப்போடு ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்து, அந்தப் புலத்தைப் பார்க்கவும் அவருக்கு அனுமதி இருந்தால், கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். புதிதாக உருவாக்கும்போது (போஸ்ட்) ஒப்பிடப் பழைய மதிப்பு இல்லை. அனுப்பிய ஆவணத்தில் அந்தப் புலத்தின் பெயர் இருந்தாலே திருத்தும் அனுமதியைக் கேட்கும். இல்லையென்றால் 403.

செயலி அந்தப் புலத்தையே அனுப்பாமல் இருப்பதுதான் நேரான தீர்வு. நிருபர்களின் கைப்பேசிகளில் பழைய பதிப்பு இருக்கும் வரைக்கும் ஒரு இடைக்கால வழி: ஃபீல்டு ஆக்சஸ் ஹூக்குக்கு நான்காவதாக வரும் 'ஐட்டம்ஸ்' வழியாக என்டிட்டியை எடுத்து, அது புதியதா என்று பாருங்கள். புதியதென்றால் தடுக்காமல் விட்டு, சேமிக்கும் முன் ஓடும் 'ப்ரீசேவ்' ஹூக்கில் அனுமதி இல்லாதவரின் மதிப்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். அந்தக் காலத்தில் புதுக் கட்டுரைப் படிவத்தில் பெட்டி மீண்டும் தலைகாட்டும். ஆகவே ஃபார்ம் ஆல்டரில் அழித்த வரியைத் தற்காலிகமாகத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

'ஐட்டம்ஸ்' எப்போதும் வரும் என்று நம்பாதீர்கள். என்டிட்டி எதுவும் இல்லாமல் பொதுவாகக் கேட்கும் இடங்களில் அது 'நல்' (மதிப்பே இல்லாத நிலை) ஆக இருக்கும். அதைச் சோதிக்காமல் அதன் மீது மெத்தடை அழைத்தால் பக்கமே விழுந்துவிடும்.

அரைப்புள்ளி

புரிந்தது. செயலிக் குழுவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த பதிப்பில் அந்தப் புலத்தை நீக்குகிறார்கள். அதுவரை ப்ரீசேவ். 'நல்' சோதனையையும் சேர்த்துவிட்டேன்.